மூச்சுக் கணக்கு

தூங்குகிற ஒரு ஜீவனின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தைக்கு ஜுரம் கண்ட இரவுகளில் நீங்கள் எண்ணியிருப்பீர்கள். தாய்மார்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. நான் 16 மாதம் எண்ணினேன். குழந்தையின் மூச்சை அல்ல. ஒரு கிழட்டு நாயின் மூச்சை.

"பூ, நாய்தானா!" என்று சட்டென்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். கதாநாயகி எங்கும் ஓடிவிட மாட்டாள். ஐந்து நிமிஷம் எனக்குக் கொடுங்கள். நான் சொல்லப்போவது நாயைப் பற்றி மட்டுமல்ல. என் மாமியாரைப் பற்றியும்தான்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. நடுவில் எங்கள் பழைய ஓட்டு வீடு மட்டும், பஸ்ஸில் இரண்டு பருமனான ஆசாமிகளுக்கு நடுவே உட்கார்ந்த கிழவி மாதிரி ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது. பின்பக்கம் ஒரு கிணறும் ஒரு பவழமல்லி மரமும் உண்டு.

2010-ஆம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். என் கணவர் ஒரு அட்டைப் பெட்டியுடன் வந்தார். பெட்டிக்குள் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு வெள்ளைக் குட்டி. விற்றவன் "பொமரேனியன்" என்றானாம். நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்வதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிற வகைதான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒன்பது வயதுப் பையன், கேட்கவேண்டுமா? "ஜிம்மி" என்று பெயர் வைத்துவிட்டான்.

அத்தை (என் மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கும்பகோணத்துப் பக்கம். ஆசாரம் அதிகம். குட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை தெரியுமில்ல? இதோ பாரும்மா, இது கூடத்து நிலைப்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினா நான் ஊருக்குப் போயிடுவேன்" என்று சட்டம் போட்டுவிட்டார்.

ஜிம்மிக்குச் சட்டம் புரிந்தது. தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, நிலைப்படியின் மேல் முகவாயை மட்டும் வைத்துக்கொள்ளும். "தாண்டவில்லையே!" என்பது அதன் வாதம். அத்தைக்கும் அதற்குமிடையே இந்த எல்லைத் தகராறு வருஷக்கணக்கில் நடந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். வருஷத்துக்கு வருஷம் முகவாய் ஓர் அங்குலம் முன்னேறிக்கொண்டிருந்தது. அத்தை ஊருக்குப் போகவில்லை.

* * *

2022 ஆகஸ்டில் ஜிம்மிக்கு இருமல் வந்தது. அப்போது அதற்குப் பன்னிரண்டு வயது. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டு அதைக் கக்கப் பார்ப்பது போல ஒரு இருமல். "எலும்பு கிலும்பு மாட்டியிருக்கும்" என்றார் இவர். "சளி. துளசிச் சாறு கொடு" என்றார் அத்தை, நிலைப்படிக்கு உள்ளே இருந்தபடியே. இரண்டு நாள் துளசிச் சாறு கொடுத்தோம். மூன்றாம் நாள், வாசலில் பால்காரரைப் பார்த்துக் குரைக்க எழுந்த ஜிம்மி, பாதிக் குரைப்பில் கால் மடங்கிச் சாய்ந்துவிட்டது. அரை நிமிஷத்தில் எழுந்து, "என்ன நடந்தது?" என்பது போல எங்களையே பார்த்தது.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதல்லவா? 1903-ல் தொடங்கிய பழைய கல்லூரி. அதை ஒட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வரிசையைப் பார்த்தால் மனசு இளகிவிடும். மடியில் பூனையோடு ஒரு காலேஜ் பெண், கட்டுப்போட்ட ராஜபாளையம் நாயோடு ஒரு பெரியவர், கூடைக்குள் கிளியோடு ஒரு சிறுவன். எல்லார் முகத்திலும் ஒரே கவலை. மனுஷ ஆஸ்பத்திரியில் நோயாளியாவது "இங்கே வலிக்கிறது" என்று சொல்லுவான். இங்கே அதுவும் இல்லை.

எக்ஸ்-ரே எடுத்தார்கள். 'எக்கோ' என்கிற ஸ்கானும் எடுத்தார்கள். பார்த்தவர் ஓர் இளம் டாக்டரம்மா. எனக்குப் புரியும்படி சொன்னார்:

"அம்மா, உங்க வீட்டிலே பழைய மரக்கதவு இருக்கா? மழைக்காலத்திலே உப்பிக்கிட்டு சரியா மூடாது இல்லையா? அந்த மாதிரிதான். இருதயத்திலே இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலே ஒரு கதவு இருக்கு. மைட்ரல் வால்வுன்னு பேர். வயசான சின்ன ஜாதி நாய்களுக்கு அந்தக் கதவு தடிச்சு, சரியா மூடாமப் போயிடும். முன்னாலே போகவேண்டிய ரத்தம் கொஞ்சம் பின்னாலே கசியும். கசியக் கசிய இருதயம் பெருக்கும். பெருத்த இருதயம் மூச்சுக்குழலை அழுத்தும். கடைசியிலே நுரையீரலிலே நீர் கோத்துக்கும். ஜிம்மிக்கு நீர் கோக்க ஆரம்பிச்சிருக்கு."

"நாங்க போட்ட தீனியாலேயா டாக்டர்? தயிர் சாதம் நிறையப் போட்டுட்டோமோ?"

"இல்லேம்மா. மனுஷங்களுக்குக் கொழுப்பு அடைச்சு மாரடைப்பு வருதே, அது நாய்களுக்கு ரொம்ப அபூர்வம். இது கதவு தேயற வியாதி. யார் பேரிலேயும் தப்பில்லை."

யார் பேரிலும் தப்பில்லை! அந்த ஒரு வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குணமாகுமா என்று கேட்டேன். குணமாகாது, சமாளிக்கலாம் என்றார். மருந்துகள் எழுதிக் கொடுத்தார். பிமோபெண்டன் என்று ஒரு மாத்திரை, இருதயம் பலமாகச் சுருங்குவதற்காக. சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பு வெறும் வயிற்றில், தினம் இரண்டு வேளை. ப்யூரோஸமைடு என்று இன்னொன்று, நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதற்கு. பிறகு ஒரு முக்கியமான வேலை கொடுத்தார்.

"தூங்கும்போது மூச்சை எண்ணுங்க. மார்பு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரண்டாலே பெருக்குங்க. நிமிஷத்துக்கு 30-க்குள்ளே இருந்தா நல்லது. மறுபடி மறுபடி 30-ஐத் தாண்டினா எனக்குப் போன் பண்ணுங்க. 40-க்கு மேலே போனாலோ, ஈறு நீலம் பாரிச்சாலோ, போன் கூட வேண்டாம். நேரே கிளம்பி வந்துடுங்க."

பால் கணக்கு எழுதுகிற நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து மூச்சுக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். 24. 26. 22. 25.

* * *

மருந்துப் பையைக் கூடத்து மேஜையில் வைத்தபோது அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாத்திரைப் பட்டையைப் படித்தார். அவருக்கு அப்போது வயது 81. இருதயம் பலவீனம் என்று 2019 முதல் மாத்திரை சாப்பிடுகிறவர். தம்முடைய டப்பாவைத் திறந்து தம் பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது? அதுக்கும் எனக்கும் ஒரே மாத்திரை!"

உண்மைதான். ப்யூரோஸமைடு இரண்டு பேருக்கும் பொது, அளவுதான் வேறு. நான் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. ஜிம்மியை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தார்.

"அப்போ உனக்கும் ராத்திரி படுத்தா மார்பை அடைக்குதாடா?" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஜிம்மியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்று மாலை ஜிம்மி நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து, அவருடைய கட்டிலுக்குக் கீழே படுத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2010-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படித்தான் ரத்தாயிற்று.

வியாதிக்காரனோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உபயோகப்படலாம்.

நீர் மாத்திரை சாப்பிடுகிற நாய் அண்டா அண்டாவாகத் தண்ணீர் குடிக்கும், வீடெல்லாம் நனைக்கும். அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது. சிறுநீரகம் கெட்டுவிடும். பழைய புடவையை மடித்துப் போட்டுத் தினம் துவைத்தேன். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுத்தால் இருமல் கிளம்பும். மார்பைச் சுற்றிக் கட்டுகிற வார்தான் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் விடிவதற்கு முன் பத்து நிமிஷ நடை, அவ்வளவுதான். ஊறுகாய், கருவாடு, அப்பளம், சிப்ஸ் இவற்றின் உப்பு ஆகவே ஆகாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் எந்த நாய்க்குமே விஷம். நம் தலைவலி மாத்திரையை, ஐயோ பாவமென்று, தப்பித் தவறியும் கொடுத்துவிடாதீர்கள்.

மாத்திரை கொடுப்பது ஒரு தனிக் கலை. வெறும் வயிற்று மாத்திரையை இட்லியில் வைத்து ஏமாற்ற முடியாது அல்லவா? நான் வாயைத் திறந்து போட்டால், ஜிம்மி பரம சாதுவாக விழுங்குவதுபோல் பாவனை செய்துவிட்டு, கட்டில் காலுக்குப் பின்னால் போய்த் துப்பும். இரண்டு நாள் கழித்துப் பெருக்கும்போது கண்டுபிடித்தேன். அத்தைதான் வழி சொன்னார். "நாக்கு நடுவிலே போடாதே. பின்னாலே தள்ளிப் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவிக் கொடு. உன் வீட்டுக்காரனுக்கு விளக்கெண்ணெய் கொடுத்ததெல்லாம் அப்படித்தான்."

செலவு? அதை மறைப்பானேன்? மாதம் 4,000 ரூபாய்க்குக் குறையவில்லை. எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள், "நாய்க்குப் போயா இவ்வளவு? அந்தப் பணத்தில் மாசம் ஒரு பட்டுப் புடவை வாங்கலாமே!" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "பட்டுப் புடவை வாசலிலே படுத்துக் காவல் காக்குமா, கேளு!"

* * *

2023 ஜனவரி. பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். நோட்டில் எண்கள் ஏற ஆரம்பித்தன. 28. 31. 29. 34. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்; நீர் மாத்திரையைக் கூட்டினார். மறுநாள் இரவு ஒரு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். ஜிம்மி படுக்கவில்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, நின்றுகொண்டே மூச்சு வாங்கிற்று. எண்ணினேன். 52.

வாசலுக்கு ஓடினோம். முதல் ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும், "சீட்டெல்லாம் முடியாயிடும் ஸார்" என்று போய்விட்டார். இரண்டாவது ஆட்டோக்காரரும் தயங்கினார். ஜிம்மியின் நாக்கு நீலமாக இருப்பதைப் பார்த்தார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தாம்மா இழுத்துச்சு. ஏறுங்க" என்றார். அந்த வேகத்தில் நான் ஆட்டோவில் போனதே கிடையாது. ராத்திரியில் திறந்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டார்கள். விடியும்போது மூச்சு 36-க்கு இறங்கியது. ஆட்டோக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். காத்திருந்ததற்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் மாலை ஜிம்மியை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அத்தை பூஜை அறையில் உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றவில்லை.

"அம்மாடி, இங்கே வா" என்றார். "நான் ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கோ. ஆனா கேளு. பொங்கலிலேயிருந்து தினம் மத்தியானம் அதுக்கு ஒரு துண்டு அப்பளம் கொடுத்துக்கிட்டிருந்தேன். உப்பில்லாத சோத்தைத் தின்னுட்டு என் முகத்தையே பார்க்குது. உப்பில்லாமத் தின்கிற வாய் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியுமே."

வாசகிகளே, எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! இரவெல்லாம் கண் விழித்த அலுப்பு வேறு. "நீங்களே கொன்னுட்டீங்களே அத்தை!" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்து அவரிடம் குரலை உயர்த்தியறியாதவள், அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. டாக்டரம்மா சொன்ன, "யார் பேரிலேயும் தப்பில்லை" என்கிற வார்த்தை மறுபடியும் வந்து குத்தியது. இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

2021-ல் வருஷ ஊசி போடப் போனபோதே ஒரு டாக்டர் குழாயை வைத்துப் பார்த்து, "இருதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது. எக்கோ எடுத்துப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நாய் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நான் நினைத்தேன். "அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தச் சீட்டைத் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டேன். இருதயம் பெருத்துவிட்டாலும் மூச்சுத் திணறல் இன்னும் வராத நாய்களுக்கு முன்கூட்டியே பிமோபெண்டன் கொடுத்தால், வியாதி முற்றுவது ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போகிறதாம். ஜிம்மி அந்த ரகத்தில் இருந்ததோ என்னவோ. அன்று எக்கோ எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பளம் கொடுத்தவரை அதட்டினேனே, சீட்டை ஒளித்தவளை யார் அதட்டுவது?

எழுந்து கூடத்துக்குப் போனேன். அத்தையும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். காலண்டருக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சீட்டைப் படிக்கவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "சரி, இரண்டு பேரும் சரிசமம். இனிமே இதை யாரும் பேசவேண்டாம்" என்றார்.

அவர் காலடியில் உட்கார்ந்தவள், மன்னிப்புக் கேட்பதுபோல அவர் பாதத்தைத் தொட்டேன். தொட்ட இடத்தில் என் விரல் பதிந்து பள்ளம் விழுந்தது. எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"அத்தை! அப்பளம் அதுக்கு மட்டும்தானா?"

அவர் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்கு ஒரு துண்டு... மீதி எனக்கு" என்றார், மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல.

காலையில் முதல் வேலையாக அவரை அவருடைய டாக்டரிடம் கொண்டு போனோம். இரண்டு கணுக்காலும் வீங்கி, எடை மூன்று கிலோ கூடியிருந்தது. எல்லாம் நீர். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இவரையும் ஆக்ஸிஜனில்தான் பார்த்திருப்பீர்கள்" என்றார் அவர். மாத்திரையை மாற்றினார், தினம் காலையில் எடை பார்க்கச் சொன்னார். வேப்பேரி டாக்டரம்மாவோ, "பாட்டியைத் திட்டாதீங்க. ஒரு துண்டு அப்பளத்தாலேதான் வந்ததுன்னு சொல்ல முடியாது. வியாதியே முன்னேறுகிற வியாதி. ஆனா இனிமே வேண்டாம்" என்றார்.

எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம். அன்றிரவு ஜிம்மிக்கு மூச்சு முட்டாமல் இருந்திருந்தால் அத்தையின் பாதத்தை நான் தொட்டிருப்பேனா?

* * *

அப்புறம் எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள், ஒரே நோட்டு. இடது பக்கத்தில் ஜிம்மியின் மூச்சு; வலது பக்கத்தில் அத்தையின் எடை. இரண்டு பேருக்கும் உப்பில்லாத சாதம். "நீ தின்னா நான் தின்கிறேன்" என்று அத்தை சொல்லுவார். ஜிம்மி தட்டில் வாய் வைத்தபிறகுதான் தாம் வாய் வைப்பார். அப்பள டப்பாவை எதிர்வீட்டு அம்மாளிடமே கொடுத்துவிட்டேன்.

நாள் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமே என்று அத்தை ஒரு வழி செய்தார். தினசரிக் காலண்டர் தாளில், ஜிம்மி சாப்பிட்டு, வாலாட்டி, வாசல்வரை நடந்த நாளில் மஞ்சள் பொட்டு. சாப்பிடாமல் சுருண்டு கிடந்த நாளில் கண்மைப் பொட்டு. தாளைக் கிழித்தாலும் எறியாமல் ஆணியில் கோத்து வைத்தார். அந்த வருஷம் மே, ஜூன், ஜூலை முழுக்க ஏறக்குறைய மஞ்சள்தான். பையன் புனாவிலிருந்து லீவுக்கு வந்தபோது ஜிம்மி ஒரு செருப்பைக் கூடக் கடித்தது. எங்களுக்கு எத்தனை சந்தோஷம், தெரியுமா!

ஐப்பசியில் கறுப்புப் பொட்டு கூடியது. நீர் மாத்திரையைக் கூட்டிக் கூட்டி, சிறுநீரகம் களைத்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. நீரை எடுத்தால் சிறுநீரகம் வாடுகிறது. விட்டால் நுரையீரல் நனைகிறது. நவம்பர் 12 தீபாவளியை, டாக்டர் கொடுத்த பயம் தெளிகிற மருந்தோடு, ஜன்னலெல்லாம் போர்வை கட்டிக் கடத்தினோம். டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. வாசலெல்லாம் வெள்ளம், மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நானும் அத்தையும் மாறி மாறி விசிறினோம். 38. 40. 37. தண்ணீர் வடியட்டும், தண்ணீர் வடியட்டும் என்று இருவரும் வேண்டிக்கொண்டோம். தெருவிலும்தான், அந்தச் சின்ன மார்பிலும்தான். தெருவில் வடிந்தது.

மார்கழி பிறந்தது. ஒன்பது நாள் தொடர்ந்து கண்மைப் பொட்டு. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். "இனிமே நான் கொடுக்கிறது மருந்து இல்லேம்மா, காலதாமதம்தான். நீங்க சரின்னா, வலியில்லாமத் தூங்கவைக்கலாம். முதல்லே மயக்கம், பிறகு அதிக அளவு மயக்க மருந்து. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

இவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். பையன் போனில், "அம்மா, நீயே முடிவு பண்ணு" என்று அழுதான். எனக்கோ நாக்கு எழவில்லை. உயிரைக் கொடுத்தவன் எடுக்கட்டுமே, நாம் யார்? அத்தையும் அப்படித்தான் சொல்லுவார் என்று நினைத்தேன். ஆசாரக்காரர் ஆயிற்றே.

அத்தை ஆணியில் கோத்த தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி மஞ்சள் பொட்டு வந்ததும் நிறுத்தினார்.

"மூச்சுக்குத் திணறுவது எப்படி இருக்கும்னு இந்த வீட்டிலே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கிணத்துக்குள்ளே மூக்கு மட்டும் தெரியும்படி நிற்கிற மாதிரி இருக்கும். அதை ஒன்பது நாளா நின்னுக்கிட்டிருக்கு. நமக்காகத்தான் நிற்குது. போதும்மா, வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை. அத்தை குளித்து, தம் கட்டிலின் மேல் தம்முடைய வெளுத்த நூல் புடவையை விரித்தார். "மேலே படுக்க வை" என்றார். தாழ்வாரத்திலிருந்து நிலைப்படி, நிலைப்படியிலிருந்து கூடம், கட்டிலுக்கு அடியிலிருந்து இப்போது கட்டிலுக்கு மேல்! டாக்டரம்மா வருவதற்கு முன் அத்தை மடியிலிருந்து ஏதோ எடுத்தார். ஒரு விரல்நுனி அளவு அப்பளத் துண்டு. எதிர்வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஜிம்மி அதை நக்கிப் பார்த்தது, தின்னவில்லை. வால் மட்டும் இரண்டு தடவை அசைந்தது.

ஊசி போடும்போது நான் வழக்கம்போல எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த மார்பு அவசரமில்லாமல் ஏறி இறங்கியது. பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டு வரவில்லை.

பவழமல்லி மரத்தடியில் வைத்தோம். அத்தை மூச்சுக் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். அதையும் உள்ளே போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. தலையணைக்கு அடியிலிருந்த அந்த எக்கோ சீட்டை மட்டும் எடுத்துச் சுக்கு நூறாகக் கிழித்து மண்ணோடு போட்டார். "ஆச்சு" என்றார்.

* * *

உங்களில் யார் வீட்டிலாவது வயதான நாயோ, வயதான மனிதரோ இருக்கலாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் காலண்டருக்குப் பின்னால் செருகாதீர்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விழித்திருக்கும்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

பழக்கம் லேசில் போவதில்லை. இப்போதும் இரவு பத்தரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். கால்கள் தாமாகக் கூடத்துக்குப் போகும். கட்டிலுக்கு அடியில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் கட்டிலின் மேல் பார்த்து எண்ணுவேன். பூனை மாதிரி நின்றுதான் எண்ணுவேன். அத்தைக்குத் தெரியாது என்று எனக்கு நினைப்பு.

போன வாரம், அரை நிமிஷம் ஆகி நான் திரும்பும் சமயம், கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்:

"பதினெட்டுதானே? நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். நோட்டிலே எழுதிட்டுப் போய்ப் படு."